இரண்டாம் முறை வாசிக்கப்படாத அறிவிப்பு

1

முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தபோது இந்தக் கதை வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வந்தது கோபம்தான். கதை என்பது வெளியே கிளம்புவதற்காக நான் அதற்குப் போட்டுவிட்ட சட்டை.

எங்கள் கமினாசே ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கிகள் பேசும். மலையடிவாரத்திலிருந்து கடல் பக்கம் வரைக்கும் கம்பங்களில் கட்டிவைத்த குழாய்கள். முதலில் ஒரு மெட்டு, பிறகு அறிவிப்பு. கீழத்தெருவில் கரடி நடமாட்டம், பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். சாம்பல் நிறச் சட்டை போட்ட பெரியவரைக் காணவில்லை, பார்த்தவர்கள் தகவல் தாருங்கள். நாய்களுக்குத் தடுப்பூசி. எதுவானாலும் ஒரு தடவை வாசித்துவிட்டு, "மீண்டும் அறிவிக்கிறோம்" என்று சொல்லி அதையே இன்னொரு தடவை வாசிப்பார்கள். மலையில் மோதித் திரும்பும் எதிரொலியில் முதல் தடவை பாதி கரைந்துபோகும். முதல் தடவையில் நாங்கள் அடுப்பைக் குறைப்போம், ஜன்னலைத் திறப்போம். இரண்டாம் தடவையில்தான் கேட்போம்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் அறிவிப்பு இப்படி வந்தது:

"இந்தக் குளிர்காலம் முதல், குறுகிய சந்துகளில் ஊர் அலுவலகத்தின் பனி அள்ளும் பணி நடைபெறாது. குடியிருப்போர் தங்களுக்குள் ஒத்துழைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் அறிவிக்கிறோம்."

அவ்வளவுதான். குழாய்க்குள் காற்று இழுக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம் 'டக்'. அணைத்துவிட்டார்கள்.

நான் குடியிருப்பது அப்படி ஒரு சந்தில். கத்தி நின்றது அதனால் மட்டும் அல்ல. அந்தக் குரல். போன பிப்ரவரியில் இதே சந்தில், இதே பெண்குரல், தேர்தல் பிரச்சார வண்டியின் ஒலிபெருக்கி வழியாகச் சொன்னது: "கடைசி வீட்டு வாசல்வரை பனி அள்ளப்படும். அதற்கான பணத்தில் ஒரு யென்கூடக் குறையாது."

அறிவிப்பு ஏன் இரண்டாம் முறை வாசிக்கப்படவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருப்பேன், கதை எழுதியிருக்க மாட்டேன்.


2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வெற்றிச் செய்தி வந்ததும் தொகாஷி மசனோரி தருமா பொம்மையின் இரண்டாவது கண்ணை வரைந்தார். தூரிகை லேசாக நடுங்க—"

விட்டுவிட்டேன். தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லோரும் சிவப்புப் பொம்மை வாங்கி ஒரு கண்ணை மட்டும் வரைந்துவைப்பார்கள், ஜெயித்தால் மறு கண். இதுவரை எந்த அரசியல்வாதியும் அந்தக் கண்ணை நிலுவையில் வைத்ததில்லை. பொம்மைக்குக் கொடுத்த வாக்கு மட்டும் எல்லா ஊரிலும் காப்பாற்றப்படுகிறது. இதை எழுதியவுடன் எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்படித் தோன்றும்போதெல்லாம் எதையோ மழுப்புகிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது:

"அரசாங்கப் பணத்தைப் பற்றி அரசியல்வாதிகள் கொடுக்கும் வாக்குறுதிகள்—"

இந்த வாக்கியம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொட்டாவியில்தான் போய் முடிகிறது.

மூன்றாவது:

"மிஹாருவுக்குத் தொண்டை கட்டியிருந்தது."

இது இருக்கட்டும். மிஹாரு என்பது நான் வைத்த பெயர். அந்தக் குரலுக்கு உரியவளின் நிஜப் பெயர் அப்போது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது, சொல்லப்போவதில்லை. ஒப்பந்த வேலையில் இருக்கிறவள்.


3

மிஹாருவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பிரச்சாரத்தின் கடைசி நாள். வெந்நீரில் தேனைக் கலந்து குடித்துக் குடித்து, வாய்க்குள் தித்திப்பும் எரிச்சலும் சேர்ந்து ஒரு மாதிரி இருந்தது. நகரத்தில் கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளராக இருந்தவள். மண்டபத்தை மூடிவிட்டார்கள். தெரியாத மாப்பிள்ளையைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்வதும் தெரியாத வேட்பாளரைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்வதும் ஏறக்குறைய ஒரே வேலை என்று அவளுக்குப் பட்டது. மாப்பிள்ளைகள் பரவாயில்லை, கல்யாணத்துக்கு அடுத்த நாள் யாரும் அவளிடம் வந்து கணக்குக் கேட்பதில்லை.*

வண்டி ஐந்தாம் சந்துக்குள் திரும்பியது. அவள் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, "தொகாஷி, தொகாஷி மசனோரி, கடைசி வேண்டுகோளுடன் வந்திருக்கிறார்" என்று இழுத்தாள். "மாடியிலிருந்து கை அசைத்த அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி." அந்த அம்மா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பனி அள்ளும் வண்டி சந்துக்குள் வந்திருக்கவில்லை. பெரிய சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போன வண்டி, ஒதுக்கிய பனியைச் சந்தின் வாயில் வரப்பு மாதிரி விட்டுவிட்டுப் போயிருந்தது. பிரச்சார வண்டி வரப்பை ஏறித் தாண்டி, அதற்கு அப்பால் இருந்த பனி மெத்தையில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றியது. பனி பின்பக்கம் பீய்ச்சி அடித்தது. வண்டி அசையவில்லை.

மண்வாரியோடு முதலில் வெளியே வந்தவள் நரிதா தொஷிகோ. மீன் பதனிடும் கூடத்தில் வேலை. வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். அவளுடைய கணவர் கென்ஸோவை வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான். சந்திலிருந்து கார் வெளியேற முடியாத காலை, அவருக்கு ரத்தம் சுத்தமாகாத காலை. வேறு விளக்கம் தேவையில்லை.

"யாரு, தொகாஷியா? பேரக் கூவிக்கிட்டே வந்து இங்க மாட்டிக்கிட்டாரா?"

"கொஞ்சம் தள்ளிவிடுங்கக்கா" என்றார் ஓட்டுநர்.

"தள்ளுறோம், தள்ளுறோம். ஓட்டும் போட்டு வண்டியையும் தள்ளணும், அப்படித்தானே?" தொஷிகோ ஜன்னலுக்கு நேராக வந்து நின்றாள். மிஹாரு அனிச்சையாக வேட்பாளரின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். "பேரு வேண்டாம்மா. அஞ்சு நாளா அதத்தானே கேக்குறோம். இந்தச் சந்துல பனி அள்ளுவீங்களா மாட்டீங்களா? என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். அதச் சொல்லு."

மண்வாரிகளோடு இன்னும் நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். மிஹாரு பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். தொகாஷி தன் பக்கத்துக் கண்ணாடியின் ஆவியைக் கையுறையால் துடைத்து, வெளியே நிற்கிற முகங்களைப் பார்த்தார்.

"சொல்லும்மா" என்றார் மெதுவாக. "நல்லாச் சொல்லு."

அந்த வாக்கியம் துண்டறிக்கையில் இல்லை. அதில் இருந்தது 'பனி அள்ளும் பணிக்கு முன்னுரிமை' என்ற வழவழப்பு. ஆனால் ஐந்து நாட்களாக வண்டிக்குள் தொகாஷி தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை மிஹாரு எடுத்துக் கரகரத்த தொண்டையோடு மைக்கில் சொன்னாள். கடைசி வீட்டு வாசல்வரை. ஒரு யென்கூடக் குறையாது.

இஞ்சின் உறுமியது. பின்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சுத் தள்ளினார்கள். சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டி போனது. சந்தே கைதட்டியது, தொஷிகோவும். திருப்பம் வருகிறவரை தொகாஷி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கும்பிட்டு வணங்கிக்கொண்டே போனார்.

[தள்ளியவர்களில் நான் ஒருத்தி. இடது பக்கப் பின்மூலை. வண்டிக்குள் நடந்தது எல்லாம் என் கற்பனை. 'சொல்லும்மா' என்று தொகாஷி சொன்னதை நான் கேட்கவில்லை, வேண்டுமென்றே வைத்தேன். அதை எடுத்துவிட்டால் அந்த வாக்கு மைக் பிடித்த பெண்ணுடையதாக ஆகிவிடும். கதையிலாவது அது நடக்காது.]

* இந்த வேலை செய்கிற பெண்களை இங்கே ஒரு பாட்டுப் பறவையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பறவை சொன்னதற்கு யாரும் பறவையைப் பொறுப்பாக்குவதில்லை என்பது இதில் ஒரு வசதி. யாருக்கு வசதி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.


4

இப்போது ஒரு சட்ட விஷயம். நான் கதை கட்டியது இல்லை. ஓடுகிற பிரச்சார வண்டியிலிருந்து பெயரை மட்டும்தான் கூவலாம். கொள்கை, வாக்குறுதி, எதிராளியை ஏசுவது, எதுவானாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். அதனால்தான் எங்கள் தெருக்களில் தேர்தல் நேரத்தில் வெறும் பெயர்கள் மட்டும் பறந்துகொண்டே இருக்கும். இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொகாஷி வைத்துக்கொண்டார்.

தொகாஷியை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வரைவில் அவர் சிரிக்கும்போதெல்லாம் பல் தெரிந்தது. சிரித்தால் யாருக்குத்தான் பல் தெரியாது? அடித்துவிட்டேன். அடுத்த வரைவில் ஒப்பந்தக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து குடித்தார். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, சோம்பேறித்தனம்தான் இருந்தது. நிஜத்தில் ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் முதலில் வருகிறவர் அவர். தொஷிகோவின் மாமியாருக்கு ஊதுவத்தி ஏற்ற வந்தபோது நன்றாகவே அழுதார். அயோக்கியன் என்று எழுதிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நிம்மதிக்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

ஜெயித்து ஊர்த் தலைவரானார். வசந்தத்தில் பட்ஜெட். 'புதுக் கட்டடம் ஒன்றுகூடக் கட்ட மாட்டேன்' என்று ரயில் நிலைய வாசலில், நின்ற வண்டியிலிருந்து, சட்டப்படி சொன்னவர், கோடையில் நெடுஞ்சாலை ஓரமாகச் சந்தைக் கட்டடம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். சுற்றுலா வருகிறவர்கள் உட்கார்ந்து கால் நனைக்க அங்கே வெந்நீர்த் தொட்டி. தொட்டிக்கு மேலே கூரை. கூரையில் பனி நிற்காமல் உருக மின்கம்பி. எங்கள் ஊரின் பனிப்பணம் அந்தக் கூரையில் கதகதப்பாக இருக்கிறது.

வாக்குறுதியைக் காற்றில் பறக்கவிட்டார்கள் என்று எழுதுவது வழக்கம். பறக்கவிட வேண்டுமென்றால் கையை விரிக்க வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள். இவர்கள் அப்படியெல்லாம் விடுவதில்லை. முதலில் 'மறுபரிசீலனை' என்பார்கள். பிறகு 'கட்டம் கட்டமாக' என்பார்கள். பிறகு 'மக்களின் ஒத்துழைப்போடு' என்பார்கள். இந்த மூன்றாவது வார்த்தை வந்துவிட்டால் மண்வாரியைத் தேடி எடுத்து வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஹாருவுக்கு ஊர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. நல்ல குரல், ஊரே பழகிய குரல், ஒலிபெருக்கிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தொகாஷியே சொன்னாராம். மார்ச்சுக்கு மார்ச் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அவளுக்கு அது லஞ்சமாகத் தெரியவில்லை, வேலையாகத்தான் தெரிந்தது. காணாமல்போன பெரியவரைப் பற்றி அவள் வாசித்த அன்று, அவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தன்னைப் பற்றியே வந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனார். அதை நினைத்தால் மிஹாருவுக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். சொன்னது நடப்பதை அவள் முதல் தடவை பார்த்தது அன்றைக்குத்தான்.

[பெரியவர் எழுந்து வீட்டுக்குப் போனது நான் சேர்த்தது. வேலையை அவள் விரும்புகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். விரும்பாத வேலையைப் பணயம் வைப்பதில் என்ன இருக்கிறது?]


5

அந்த அறிவிப்புக்குக் கொஞ்சம் முன்னால், சந்துகளில் பனி அள்ளுவது பற்றிய விளக்கக் கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பாட்டில் பச்சைத் தேநீர். எங்கள் ஊரில் தேநீர் பாட்டில் வைத்துவிட்டார்கள் என்றால் முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று பொருள். கேள்வி கேட்கிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வருகிற வேலை மிஹாருவுக்கு.

தொஷிகோ எழுந்தாள். பிப்ரவரியில் சொன்னதைச் சொன்னாள். கென்ஸோ பக்கத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வேறு ஒருவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தொகாஷி பொறுமையாகக் கேட்டார். பிறகு, தான் சட்டத்தை மதிக்கிறவன் என்றார். ஓடுகிற வண்டியிலிருந்து பெயரைத் தவிர எதையும் சொல்லக் கூடாது என்பது தன் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும் என்றார். ஐந்தாம் சந்தில் கூட்டம் எதுவும் போடவில்லை, வண்டி கடந்துதான் போனது. ஆகவே அங்கே வாக்குறுதி கொடுக்கப்பட்டிருக்கவே முடியாது.

தொஷிகோ மைக்கை இன்னும் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். "கடந்து போச்சா? அப்ப நாங்க எதத் தள்ளினோம், தலைவரே?"

கூடம் சிரித்தது. தொகாஷியும் சிரித்தார்.

"தள்ளினப்ப ஓடுச்சுல்லக்கா?"

கூடம் இன்னும் பலமாகச் சிரித்தது. என்னை நாற்காலியிலிருந்து கிளப்பியது அந்த இரண்டாவது சிரிப்புதான். ஒருத்தி கணவனின் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்க வந்தாள், பேச்சு சக்கரத்தைப் பற்றி ஆகிவிட்டது. நான் எழுந்து, சக்கரம் பிடிப்பதற்கு முன்னாலேயே அந்த வாக்கியம் சொல்லியாகிவிட்டது, என் கை வண்டியின் மேல்தான் இருந்தது, எனக்குத் தெரியும் என்றேன். நீங்களும் அதே சந்துதானே என்றார் தொகாஷி, ரொம்ப மரியாதையாக. பின்வரிசையில் யாரோ, "படிச்ச பொண்ணு, லேசுல விடாது" என்றார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பா அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். ஊருக்கு அது என் வாயை அடைக்கிற மூடியாகத்தான் பயன்படுகிறது.

தொஷிகோ திரும்பினாள். மைக்கை வாங்கிப்போக மிஹாரு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, சொன்னது நீதானே. நீயே சொல்லு. வண்டி நின்னுச்சா, ஓடுச்சா?"

மைக்கைக் கொடுக்கவில்லை. மிஹாருவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

இந்த இடத்தில் நான் மிஹாருவுக்குள் போக வேண்டும். மூன்று நாள் போக முடியவில்லை. போகும்போதெல்லாம் உள்ளே என்னையே பார்த்தேன்: கைமுஷ்டி, தீர்ந்த பொறுமை, தயாராக ஒரு பிரசங்கம். அவளுக்குள் அதெல்லாம் இருக்காது. அவளுக்குள் இருந்தது இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்: இந்த மைக்கின் சத்தம் கொஞ்சம் கூடுதல், கிட்டே பிடித்தால் வீரிடும். தலைவர் என்னைப் பார்க்கவில்லை, பாட்டில் மூடியைப் பார்க்கிறார். அந்த அக்கா மைக்கை விடுவதாக இல்லை. மார்ச்.

மிஹாரு இடுப்பை வளைத்து வணங்கினாள். மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அடுத்து கை தூக்கியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கரடிக்கூண்டைப் பற்றிக் கேட்டார்.


6

இதுவரை எழுதி முடித்தபோது ஒரு விபரீதம் நடந்தது. கூட்டத்தில் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருந்த அந்தப் பெண்ணை நேருக்கு நேர் பார்த்துவிட்டேன்.

கடையில், தோஃபு வைத்திருக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில். கடைக்காரப் பெண்ணிடம் பை வேண்டாம் என்று சொன்னாள், அந்த இரண்டு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதியதைவிட வயது அதிகம். நான் எழுதியதைவிடக் குள்ளம். பக்கத்தில் போய், ஐந்தாம் சந்து என்று சொல்லி, உங்களைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் ஜென்மத்தில் நான் சொன்ன அசட்டு வாக்கியங்களில் இது முதல் மூன்றுக்குள் வரும்.

அவள் தோஃபுவைக் கூடையில் வைத்தாள். "அதுல நான் அழுறேனா?"

"இல்ல."

"அழ வைக்காதீங்க. வேலைய விட்டுட்டுப் போற மாதிரியும் எழுதாதீங்க. கதையில வேலைய விடுறது ரொம்ப ஈஸி."

சரி என்றேன். அன்றைக்கு ஏன் இரண்டாவது தடவை வாசிக்கவில்லை என்று கேட்டேன். தொண்டை கட்டிக்கொண்டதாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றுதான் சொன்னாள். கட்டிக்கொண்டது என்று சொல்லவில்லை.

(மூன்றாவது தொடக்கத்தின் முதல் வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டதா? அதுவரை அந்த இடத்தில் 'மிஹாரு ஜன்னலைத் திறந்தாள்' என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்னால் போய் மாற்றிவிட்டேன். பிப்ரவரியில் அவள் குரல் கரகரத்தது உண்மை. நவம்பரில் கரகரக்கவே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.)

அவளை விட எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுக்கிற வரிசையில் பின்னாலேயே நின்று, வண்டி நின்றதா ஓடியதா என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "எனக்குத் தெரியும். ஆனா கேக்க வேண்டியவரு என்கிட்ட கேக்கவே இல்லையே. அவரும் வண்டிக்குள்ளதானே இருந்தாரு."


7

முடிவுகள்.

அ. மிஹாரு ஒலிபெருக்கியில் சொல்கிறாள்: "மீண்டும் அறிவிக்கிறோம். வண்டி நின்றிருந்தது." மலை அதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. சந்து சந்தாக ஜன்னல்கள் திறக்கின்றன. — இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஜன்னல்கள் திறந்த பிறகு என்ன? மறுநாள் பனி விழுந்தால் அதே சந்து, அதே வரப்பு. அவளுக்கு வேலையும் இருக்காது. நமக்கு மட்டும் ஒரு நல்ல சாயங்காலம் கிடைத்திருக்கும்.

ஆ. மிஹாரு இரண்டாம் தடவையும் ஒழுங்காக வாசிக்கிறாள். மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. இதுதான் எல்லா ஊரிலும் எல்லா அலுவலகத்திலும் நடப்பது. ஆனால் அன்று அது நடக்கவில்லை. முழு ஊரும் சாட்சி.

இ. கடும் பனி. சந்து அடைந்துகிடக்கிறது. தொஷிகோவின் கார் நகரவில்லை. கென்ஸோ—

மாட்டேன். இதை எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் ரொம்பவும் வற்புறுத்தினார். அப்போதுதான் தொகாஷிக்கு உறைக்கும் என்றார். ஒருவரைக் கொன்றால்தான் இன்னொருவருக்கு உறைக்கும் என்ற ஏற்பாட்டுக்குக் கதையில்கூட நான் உடன்பட மாட்டேன். ஏற்கெனவே பட்ஜெட் அப்படித்தான் எழுதப்படுகிறது: யாராவது செத்தால் அடுத்த வருடம் ஒரு தொகை ஒதுக்குவார்கள்.

தவிர, கென்ஸோவிடம் இதைப் படித்துக் காட்டினேன். 'இ' வரைக்கும் கேட்டுவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்தார்.

"நிறுத்திட்டியே, நல்லவேள. நான் தள்ளிப்போட்ட வேலை இன்னும் நெறைய இருக்கு."

தொஷிகோ சிரிக்கவில்லை. முதல் பனி விழுவதற்கு முன்பே அவள் காரைக் கோயில் வாசலில், பெரிய சாலை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி நாட்களில் சந்து முழுக்க அவரைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவதாகத் திட்டம். கடைசி வீட்டிலிருந்து சந்தின் வாய்வரைக்கும் யார் யார் எந்தப் பகுதியில் அள்ளுவது என்று சந்துக்காரர்கள் பேசி வைத்தாயிற்று. என் பங்கு இடது பக்கம், வரப்பு விழுகிற மூலை. ஒத்துழைப்பு. அவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை: நாங்கள் நல்லவர்களாக இருப்பதைக் கணக்குப் பண்ணித்தான் அவர்கள் செலவைக் குறைக்கிறார்கள்.


8

ஆகவே முடிவு என்று ஒன்றை நான் எழுதப்போவதில்லை. அதற்கு முந்தைய நொடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஊர் அலுவலகத்தின் மாடியில் அறிவிப்பு அறை. ஒரு மேஜை, மைக், சிவப்பு சுவிட்ச். பொதுப்பிரிவு மேலாளர் கொண்டுவந்து வைத்த தாளில் அவருடைய முத்திரை. அறிவிப்பு சரியாகப் போகிறதா என்று பார்க்க அவர் அன்றைக்கு அறைக்குள்ளேயே, சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக நிற்பவரில்லை. ஜன்னலுக்கு வெளியே ஈயநிற மேகம் மலையின் இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த நிறத்துக்கு எங்கள் ஊரில் அர்த்தம் ஒன்றுதான், பனி.

மிஹாரு வாசித்தாள். தெளிவாக, நிறுத்தி, ஒரு சொல்லையும் விழுங்காமல். "பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டு, எப்போதும் போலக் காத்திருந்தாள். மலையிலிருந்து எதிரொலி திரும்பி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். அவளுடைய குரலே அவளிடம் திரும்பி வந்தது. கேட்டுக்கொள்கிறோம், கேட்டுக்கொள்கிறோம். பிப்ரவரியில் அவள் சொன்னதற்கும் மலை இப்படித்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு இஞ்சின் சத்தத்தில் அவள் அதைக் கேட்கவில்லை.

"மீண்டும் அறிவிக்கிறோம்" என்றாள்.

அடுத்து மூச்சை உள்ளே இழுத்தாள்.

முதல் பக்கத்தில் நான் எழுதினேனே, குழாய்க்குள் காற்று இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் என்று, அது இதுதான். அது குழாய் இல்லை. ஊர் முழுக்கக் கேட்ட ஒரு பெண்ணின் மூச்சு. நான் இத்தனை நாளும் அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் இருக்கப்போகிறவர்கள் யாரும் அவ்வளவு ஆழமாக மூச்சை இழுப்பதில்லை.

பிறகு 'டக்'.

சுவிட்சில் இருந்தது யார் விரல் என்று நான் எழுதவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியவள் நான் அல்ல. அடுத்த தேர்தலுக்கு உங்கள் சந்துக்குள்ளும் ஒரு வண்டி வரும், பெயரைக் கூவிக்கொண்டு. வந்தால் தள்ளிவிடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், தள்ளாமல் உங்களால் இருக்க முடியாது, என்னாலும் முடியாது. தள்ளுவதற்கு முன்னால் வண்டி நிற்கிறது என்பதைச் சத்தமாக, பேர் ஊர் தெரிய, எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

மற்றபடி, முதல் தடவை வாசித்தாயிற்று. அது வழக்கம்போல மலையில் மோதிப் பாதி கரைந்திருக்கும். எங்கள் ஊரில் இரண்டாம் தடவைதான் காதில் விழும். மூச்சு உள்ளே இழுத்தாயிற்று. தாள் மேஜையில் இருக்கிறது. அதில் இருப்பதையே வாசிக்கலாம், இல்லாததையும் வாசிக்கலாம்.

மைக் உங்கள் வாய்க்கு நேராகத்தான் இருக்கிறது.

மீண்டும் அறிவிக்கிறோம்: